இருங்காட்டுக்கோட்டை வரை கடல் வந்ததா?

சென்னைக் கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. இன்று அந்தப் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது சிப்காட் வளாகமும், 1998 முதல் அங்கே கார்களைத் தயாரித்துவரும் ஹூண்டாய் ஆலையும்தான். பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்று மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். ஏரிப் பாசன வயல்களும் செம்மண் மேடுகளுமாக இருந்த இந்த வட்டாரத்தைக் கடலோடு சேர்த்துப் பேச மேலோட்டமான பார்வைக்கு ஒரு காரணமும் இல்லை. ஆயினும் நிலவியல் நூல்களில் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் 1870 முதல் தொடர்ந்து வருவதற்கு ஒரு கடலும் காரணம். நிலத் தாவரங்களின் பதிவுகளும் கடற்சிப்பிகளும் ஒரே படிவுத் தொகுதியில் கிடைத்த இடம் இது.

கடல் இங்கே வந்ததா? வந்தது என்றால் எப்போது, எந்த வழியாக, எவ்வளவு தூரம், எத்தனை காலம்? ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடைகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒரு கடலைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு கடல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒன்று பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. இரண்டாவது, கற்கருவிகள் கிடைக்கும் சரளைப் படிவுகளை விளக்குவதற்காக முன்வைக்கப்பட்டது. மூன்றாவது, கடைசிப் பனியுகம் முடிந்தபின் உயர்ந்த கடல். ஒன்றின் சான்றை இன்னொன்றோடு ஒட்டியதால்தான் குழப்பத்தில் பெரும்பகுதி விளைந்தது. மூன்றையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தரைக்குக் கீழே

இந்த வட்டாரத்தின் அடித்தளம் சார்னோக்கைட்டு என்ற கடினமான கரும்பாறை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் குன்றுகளாகத் தலைகாட்டுவது அதுதான். தாமஸ் ஹாலண்டு 1890களில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்ட இந்தத் தளம் சில இடங்களில் பிளந்து தாழ்ந்திருக்கிறது. அப்படித் தாழ்ந்த பள்ளங்களில் ஒன்றுதான் பாலாற்றுப் படுகை என்று நிலவியலார் சொல்வது. வடக்கே கிருஷ்ணா–கோதாவரிப் படுகைக்கும் தெற்கே காவிரிப் படுகைக்கும் நடுவே இருக்கும் இது, அவை இரண்டையும்விடச் சிறியது; ஆராயப்பட்டதும் குறைவு.

இந்தப் பள்ளத்தில் படிந்த வண்டல்களில் மிகப் பழையது தால்சிர் காலத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாக் கண்டத்தைப் பனிப்பாறைகள் மூடியிருந்தபோது விழுந்த கற்களும் களியும் செங்கல்பட்டுப் பக்கத்தில் நிலத்துக்கடியில் காணப்பட்டிருக்கின்றன. நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு அதன்மேல் படிந்தது ஸ்ரீபெரும்புதூர் படிவு: வெளிறிய சாம்பல் நிறக் களிப்பாறை, களி கலந்த மணற்கல், இடையிடையே கூழாங்கல் அடுக்கு. அதற்கு மேலே, பெரிய உருள்கற்கள் நிறைந்த சத்தியவேடு படிவு. எல்லாவற்றுக்கும் மேலே செம்புரைக்கல்லும் சரளையும் ஆற்று வண்டலும். இருங்காட்டுக்கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மேலடுக்குதான். பழைய களிப்பாறையைப் பார்க்கக் கிணறோ, ஓடைக்கரையோ, மண் எடுத்த பள்ளமோ வேண்டும்.

இந்தச் செய்தியை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. அரியலூர்ப் பக்கத்தில் கடற்படிவுகளைச் சுரங்க வெட்டுகளிலும் ஓடைகளிலும் பரந்த அளவில் காணலாம். ஸ்ரீபெரும்புதூர்ச் சமவெளியில் அந்த வசதி கிடையாது. இங்கே சொல்லப்பட்ட ஒவ்வொரு முடிவும் துண்டு துண்டான வெட்டுமுகங்களிலிருந்து எட்டப்பட்டது. இனி வரப்போகும் கருத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் இது.

இலைகள் சொன்ன காலம்

1840களிலேயே சென்னை மாகாணத்தின் பழங்கடல் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. கேயும் கன்லிஃபும் புதுச்சேரிப் பக்கத்தில் திரட்டிய சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு கிரெட்டேசியஸ் படிவுகளை வரைபடமாக்கினார். ஸ்டொலிக்ஸ்கா அவற்றின் உயிரெச்சங்களை வகைப்படுத்தினார். காவிரிப் பக்கம் கடல் வந்திருந்தது என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் ஐயம் எழவில்லை. சென்னைக்கு மேற்கே என்ன நடந்தது என்பதுதான் தெரியாமலிருந்தது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்கருவியைக் கண்டெடுத்தவர் என்றே தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்தவர். சென்னைச் சுற்றுப்புறத்தின் நிலவியலை முதன்முதலாக ஒழுங்குபடுத்தி எழுதியவரும் அவரே. 1870இல் வெளியான அந்த ஆய்வுரையில்தான் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு படிவுகள் தனித் தொகுதிகளாக அறிவியலில் நுழைந்தன. ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறையில் இலைப் பதிவுகள் ஏராளம். அவை இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த இலைகளை ஒத்திருந்தன. ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் சென்னைக் கரையோரத்துத் தாவர எச்சங்களை முழுமையாக விவரித்தபோது இந்த ஒப்புமை உறுதிப்பட்டது. ஈந்து போன்ற தோற்றம் கொண்டு பின்னாளில் அற்றுப்போன டிலோஃபில்லம் இனம், டெனியாப்டெரிஸ் இலைகள், அரவுக்கேரியா வகை ஊசியிலை மரங்கள் எனத் தெளிவான ஒரு நிலக்காட்டின் சித்திரம் கிடைத்தது.

ராஜ்மகால் தாவரங்கள் அப்போது ஜுராசிக் காலத்தவை என்று கருதப்பட்டன. எனவே ஸ்ரீபெரும்புதூரும் ஜுராசிக். ராஜ்மகால் அடங்கிய கோண்டுவானாப் படிவுகள் பொதுவாக ஆறுகளிலும் ஏரிகளிலும் படிந்தவை. எனவே ஸ்ரீபெரும்புதூரும் அடிப்படையில் நிலப்படிவே. இந்த வாதத்துக்கு வலு இருந்தது. இலைகள் மிகுதி, அடையாளம் காணக்கூடிய நிலையில் இருந்தன. ஆனால் அதே களிப்பாறையில் ஈரிதழ்ச் சிப்பிகளும் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் கிடைத்ததை ஃபூட் காலத்தவர்கள் மறைக்கவில்லை. அவை நசுங்கியும் சிதைந்தும் இருந்ததால் இனம் பிரிக்க முடியவில்லை என்று எழுதி, அந்தச் சான்றை ஓரத்தில் வைத்தார்கள்.

அம்மோனைட்டு கடலில் மட்டுமே வாழ்ந்த உயிர். சிதைந்த ஓடானாலும் கடல் வந்ததற்கு அது சாட்சி. வந்த காலத்தைச் சொல்லத்தான் சிதைவு தடையாக இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு விடையின் முதன்மையான குறை. காலத்தைச் சொல்ல முடியாத சாட்சி, இடத்தைச் சொல்லவும் தகுதியற்றதாக நடத்தப்பட்டது.

ஓடுகள் சொன்ன காலம்

இலைக்கும் ஓட்டுக்கும் இருந்த முரண்பாடு ஸ்ரீபெரும்புதூருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கட்ச்சிலும், ஆந்திரக் கரையோரத்தில் ராகவாபுரம், ஓங்கோல் பக்கத்துப் புடவாடா, வேமாவரம் படிவுகளிலும் இதே சிக்கல் இருந்தது. தாவரம் ஒரு காலத்தைக் காட்ட, கடலுயிர் பிந்திய காலத்தைக் காட்டியது. அம்மோனைட்டு அறிஞர் ஸ்பாத் 1933இல் கட்ச் ஆய்வின் பகுதியாக ஆந்திரக் கரையோர அம்மோனைட்டுகளையும் பரிசீலித்தார். அவை ஜுராசிக்கைச் சேர்ந்தவை அல்ல, முற்காலக் கிரெட்டேசியஸின் பாரேமியன் கட்டத்தை ஒட்டியவை என்பது அவர் முடிவு. அங்கே கிடைத்த ஓர் இனத்துக்கு, நிலவியல் துறையின் தலைவராக இருந்த எட்வின் பாஸ்கோவின் பெயரைச் சேர்த்துப் பாஸ்கோயிடிஸ் என்று பெயரிட்டார்.

இந்த முடிவு ஸ்ரீபெரும்புதூருக்கும் நீட்டப்பட்டது. அதில் ஒரு தாவல் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாக அடையாளம் காணப்பட்ட அம்மோனைட்டுகள் ஆந்திரத்தைச் சேர்ந்தவை, ஸ்ரீபெரும்புதூருடையவை சிதைந்தவை. ஒரே மாதிரியான இலைகள், ஒரே மாதிரியான களிப்பாறை, ஒரே கரையோரம் என்ற ஒப்புமையின் பேரில்தான் காலம் இங்கே கொண்டுவரப்பட்டது. ஒப்புமை நியாயமானதே. நேரடிச் சான்று அதற்குள் அடங்கியிருக்கவில்லை.

நேரடிச் சான்று 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் படிவிலிருந்து மூர்த்தியும் சாஸ்திரியும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் கூடுகளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். மணற்பொடி அளவே உள்ள இந்தக் கூடுகள் கடலோடு தொடர்புள்ள நீரில் உருவாகுபவை. ஓரிரு சிப்பிகள் எப்படியோ அடித்துவரப்பட்டன என்று வாதிட முடிந்தவர்களுக்கும், களிப்பாறையின் உள்ளே பரவிக் கிடக்கும் நுண்கூடுகளை அப்படிச் சொல்லித் தள்ள முடியவில்லை. காலமும் முற்காலக் கிரெட்டேசியஸ் என்ற முடிவுக்கு ஒத்துவந்தது.

மிச்சமிருந்தது இலைகளின் முரண்பாடு. அதைத் தீர்த்தது ராஜ்மகாலேதான். அங்கே இலைப் படிவுகள் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையில் இருக்கின்றன. அந்தப் பாறைகளைக் கதிரியக்க முறையில் கணக்கிட்டபோது வயது சுமார் 11.7 கோடி ஆண்டுகள் என்று தெரிந்தது. அதாவது அவையும் கிரெட்டேசியஸ். ஸ்ரீபெரும்புதூருக்கு எந்த அளவுகோலை வைத்து ஜுராசிக் என்றார்களோ, அந்த அளவுகோலே நகர்ந்துவிட்டது. லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த தொல்தாவரவியலாளர்கள் டிலோஃபில்லம் தாவரத் தொகுதியின் காலத்தை மறுபரிசீலனை செய்து, இந்தியாவில் அதன் பெரும்பகுதி முற்காலக் கிரெட்டேசியஸ் என்று வாதிட்டிருக்கிறார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துத் தெரணியில் வெள்ளைக் களி வெட்டும் இடங்களில் இதே இலைகள் கிடைப்பதும், அவை உத்தத்தூர்க் கடற்படிவுகளுக்குக் கீழே இருப்பதும் இந்தக் காலவரிசையோடு பொருந்துகின்றன.

ஆக, கடல் வந்தது. 12 முதல் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் என்ற வட்டத்துக்குள் வந்தது. இந்த அளவில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஒரு கோடி ஆண்டு அகலத்தைச் சுருக்கச் சொன்னால் ஆய்வாளர்கள் பிரிந்துவிடுவார்கள்.

எப்படிப்பட்ட கடல்?

இதுதான் எனக்கு மிக வளமான பகுதியாகப் படுகிறது. இங்கே மூன்று சித்திரங்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது, திறந்த வளைகுடா. அம்மோனைட்டுகள் வந்திருக்கின்றன என்றால் வெளிக்கடலோடு தடையற்ற தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆனால் அம்மோனைட்டின் ஓடு காற்றறைகள் கொண்டது. உயிர் இறந்த பிறகு ஓடு மிதந்து நெடுந்தூரம் போகும். இன்றைய நாட்டிலஸ் ஓடுகள் அது வாழாத கரைகளிலும் ஒதுங்குகின்றன. எனவே ஓடு கிடைத்த இடம் வாழ்ந்த இடம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, உவர்நீர்க் காயல் அல்லது கழிமுகம். இதற்கு ஆதாரம் ஃபோராமினிஃபெராவின் வகை. இந்தப் படிவில் மிகுதியாகப் பேசப்படுபவை, மணல்துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டும் இனங்கள். சுண்ணாம்புக் கூடு கட்டும் இனங்கள் அரிது. ராகவாபுரம் களிப்பாறையை 1960களின் இறுதியில் ஆராய்ந்த பல்லாவும் இதே போக்கைக் கண்டார். மணற்கூட்டு இனங்கள் மட்டும் மேலோங்குவது இன்றைய உலகில் உப்புக் குறைந்த காயல்கள், உயிர்வளி குறைந்த சேற்றடிகள், குளிர்ந்த நீர் ஆகிய சூழல்களில் காணப்படுகிறது. இந்தியா அப்போது தென் அரைக்கோளத்தின் நடு அட்சங்களில், அண்டார்க்டிகாவை ஒட்டிக் கிடந்தது என்பதால் குளிர்நீர் என்ற யோசனையையும் புறந்தள்ள முடியாது. இவற்றுக்கு நடுவே வேறொரு வாய்ப்பு பதுங்கியிருக்கிறது: சுண்ணாம்புக் கூடுகளும் இருந்து, பின்னர் அமில நீர் ஊறியதால் கரைந்துபோயிருக்கலாம். வெப்பமண்டல மழையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த, மேலே செம்புரைக்கல் உருவாகும் அளவுக்கு அரிக்கப்பட்ட நிலத்தில் இது எளிதில் நடக்கக்கூடியது. அப்படியானால் நாம் பார்ப்பது கடலின் இயல்பை அன்று. மண்ணில் எஞ்சியதை மட்டுமே. தரையை ஒட்டிய மாதிரிகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க இயலாது. அரிப்பு எட்டாத ஆழத்து மாதிரிகள் வேண்டும்.

மூன்றாவது, வந்துபோன கடல். கடல் நிலையாகத் தங்கவில்லை. ஆறுகள் வண்டல் கொட்டிய தாழ்நிலத்தில் சில கட்டங்களில் ஏறி, பின்வாங்கியது என்பது இதன் சாரம். இலை அடுக்குகளும் கடல் அடுக்குகளும் மாறி மாறி வருவதை இது நன்றாக விளக்குகிறது. கூழாங்கல் அடுக்குகள் ஆற்றின் கை ஓங்கியதைக் காட்டும். மென்களி அடுக்குகள் நீர் அமைதியாக நின்றதைக் காட்டும். என் மதிப்பீட்டில் மூன்றில் இதுவே உறுதியானது. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனி நிகழ்வாகப் படிக்க இது இடம்தருகிறது. எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் எதுவரை வந்தது என்று கேட்டால்தான் இதுவும் தடுமாறுகிறது.

இன்றைய ஒப்புமை தேடுவோர் பழவேற்காட்டைச் சுட்டுவது வழக்கம். மணல்திட்டு கடலிலிருந்து பிரிக்க, சிறு ஆறுகள் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் அடைபடுவதும் திறப்பதுமாகப் பருவத்துக்குப் பருவம் உப்பின் அளவு மாறும் அந்த ஏரி, காயல் சித்திரத்துக்குப் பொருத்தமான பாடம். ஆனால் பழவேற்காடு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலையான கண்டவிளிம்பில் உருவானது. ஸ்ரீபெரும்புதூர்க் கடல், கண்டமே பிளந்துகொண்டிருந்த காலத்தில் பிளவுப் பள்ளத்துக்குள் வந்தது. நீரின் தன்மைக்குப் பழவேற்காடு வழிகாட்டலாம்; நிலத்தின் அமைப்புக்கு வழிகாட்டாது.

எந்த வழியாக வந்தது?

இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கியது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன். பிரியும் விளிம்பு நெடுகிலும் நிலம் இழுபட்டுப் பள்ளங்கள் தாழ்ந்தன. கிழக்குக் கரைப் படுகைகள் அப்படித்தான் பிறந்தன. இன்றைய வங்காள விரிகுடாவை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடலைக் கற்பனை செய்யக் கூடாது. இமயமலை எழுந்திருக்கவில்லை, கங்கையும் பிரம்மபுத்திராவும் இல்லை, இன்று விரிகுடாவின் அடியை நிரப்பியிருக்கும், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளமான வங்காள வண்டல் விசிறி இல்லை. எதிர்க்கரையில் அண்டார்க்டிகா இருந்தது. குறுகிய, இளம், வண்டல் குறைந்த ஒரு நீர்ப்பரப்பு.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு நீர் எப்படி வந்தது என்பதில் நிலத்தின் உருவமே சிக்கல் தருகிறது. பரங்கிமலை, பல்லாவரம் வரிசையில் சார்னோக்கைட்டு மேடு, படுகைக்கும் இன்றைய கடலுக்கும் நடுவே நிற்கிறது. அந்த மேடு அப்போதே உயர்ந்து நின்றிருந்தால், கடல் நேர்கிழக்கிலிருந்து வந்திருக்க முடியாது. வடக்கே சத்தியவேடு, கும்மிடிப்பூண்டிப் பக்கமாகவோ, தெற்கே பாலாற்று முகத்துவாரப் பக்கமாகவோ சுற்றி வந்திருக்க வேண்டும். வடக்கு வழியை ஆதரிப்போர், கிருஷ்ணா–கோதாவரிப் பக்கத்து உயிரெச்சங்களோடு உள்ள ஒற்றுமையைக் காட்டுவார்கள். ஆனால் அன்றைய கரையோரம் முழுவதும் ஒரே உயிர்த்தொகுதி வாழ்ந்திருந்தாலும் இந்த ஒற்றுமை தோன்றும். மேடு பின்னர்தான் பிளவுகளின் வழியே உயர்ந்தது என்றால் கேள்வியே மாறிவிடும். மேட்டின் இரு பக்கமும் உள்ள அடுக்குகளை ஆழ்துளை மாதிரிகளால் இணைத்தால்தான் இதற்கு விடை.

சத்தியவேடு உருள்கற்கள் இதில் இன்னொரு புதிர். கடப்பைத் தொகுதியைச் சேர்ந்த குவார்ட்சைட்டுக் கற்கள், நகரி மலைப் பக்கத்திலிருந்து உருண்டு வந்தவை. சில இடங்களில் மனிதத் தலையளவு பெரியவை. அவ்வளவு பெரிய கற்களைக் கொண்டுவர வேகமான ஆறும் செங்குத்தான சரிவும் வேண்டும். மேற்கே பிளவு விளிம்பு உயர்ந்துகொண்டிருந்தது, மலையடிவார ஆறுகள் கற்களைக் கொட்டி மெல்லக் கடலைப் பின்னுக்குத் தள்ளின என்ற விளக்கம் இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது. கற்களின் உருண்டை வடிவை அலை தேய்த்த அடையாளமாகக் கொண்டு கரையோரப் படிவு என்ற கருத்துக்கும் வாய்ப்பு உண்டு. வடிவம் மட்டும் ஆற்றையும் அலையையும் பிரித்துக் காட்டப் போதாது.

உலகளாவிய கடல்மட்டத்தைக் காரணம் காட்டுவோர் சந்திக்கும் இடர் வேறு. கிரெட்டேசியஸில் கடல் உச்சத்தைத் தொட்டது பிற்பாடு, சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது காவிரிப் படுகையில் அரியலூர் வட்டாரம் நீரில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தரைமேல் தெரியும் பாறைகளிலோ அந்த உச்சக்கடலின் தடம் இல்லை. தாழ்வான காலத்தில் வந்த கடல், உயர்ந்த காலத்தில் ஏன் வரவில்லை? வந்து படிந்தது பின்னர் முற்றிலும் அரிக்கப்பட்டதா, அல்லது சத்தியவேடு காலத்தில் நிலம் உயர்ந்துவிட்டதால் வரவே முடியவில்லையா? நிலம் தாழ்ந்ததும் உயர்ந்ததுமே இங்கே முதன்மைக் காரணம், கடல்மட்டம் துணைக்காரணம் என்று கொள்வதே இன்றைய சான்றுகளுக்கு ஏற்றது.

செம்புரைக்கல்லும் கற்கருவியும்

இரண்டாவது கடலுக்கு வருவோம். பல்லாவரத்திலும் கொசஸ்தலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் செம்புரைச் சரளையில் கிடைத்தன. சரளை எப்படி வந்தது என்று சொல்லாமல் மனிதன் எப்போது வாழ்ந்தான் என்று சொல்ல முடியாது. கரையோரச் செம்புரைப் படிவுகள் ஆழமற்ற கடலில் படிந்திருக்கலாம் என்ற கருத்து ஃபூட்டின் ஆரம்ப எழுத்துகளிலேயே உண்டு. பரந்து, ஏறக்குறைய சமமாகக் கிடக்கும் படிவுக்கு அது இயல்பான விளக்கமாகத் தோன்றியது. ஆனால் செம்புரைச் சரளையில் ஒரு கடற்சிப்பியும் கிடைக்கவில்லை. எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதமே அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் ஆற்றுக்கு மாறியது. 1930களில் வி.டி. கிருஷ்ணசாமியும், அதே பத்தாண்டில் சென்னைப் பகுதியைப் பார்வையிட்ட டி டெராவும் பேட்டர்சனும், கொசஸ்தலையாற்றின் படிநிலைத் திட்டுகளைக் கருவிப் பண்பாடுகளோடு பொருத்தினார்கள். மழைமிகு காலங்களும் வறட்சிக் காலங்களும் மாறி வந்ததாக வைத்துக் கட்டிய அந்த வரிசை, நேரடிக் காலக்கணிப்பு இல்லாமல் நின்றது. பாலாறு முற்காலத்தில் வடகிழக்காகத் திரும்பிக் கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்ற கருத்தும் இங்கே பயன்பட்டது. சிறிய ஓர் ஆறு அவ்வளவு வண்டலைச் சேர்த்திருப்பதற்கு அது விளக்கம் தந்தது.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் சக ஆய்வாளர்களும் 1999 முதல் நடத்திய அகழாய்வு விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. அதுவரை முற்காலக் கிரெட்டேசியஸ் களிப்பாறை, அதாவது பழைய கடற்காலத்தது, என்று கருதப்பட்டுவந்த மெல்லடுக்குக் களியின் உள்ளேயே அச்சூலியம் எனப்படும் பழங்கற்காலக் கருவிகள் இருந்தன. களி கிரெட்டேசியஸைச் சேர்ந்ததாக இருக்க முடியாது என்பது அதிலிருந்தே தெளிவாயிற்று. ஆற்றுவெள்ளம் மென்மையாகப் பரப்பிய வண்டல் என்று அது விளக்கப்பட்டது. 2011இல் வெளியான காலக்கணிப்பு இந்தக் கருவிகளைச் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோனது. ஒரே தோற்றமுள்ள இரண்டு களிகள், ஒன்று கடலோரம் படிந்தது, மற்றது பன்னிரண்டு கோடி ஆண்டு கழித்து வெள்ளத்தில் படிந்தது, மேலும் கீழுமாகக் கிடந்து நிபுணர்களையே ஏமாற்றியிருக்கின்றன. சிப்காட் பகுதியில் ஆழ்துளை போட்டு வெளிவந்த சாம்பல் களியைக் கண்டதும் கடற்களி என்று சொல்லிவிடத் தயங்க வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அத்திரம்பாக்கத்தார் கருவி செய்யப் பயன்படுத்திய குவார்ட்சைட்டு, அருகிலுள்ள அல்லிக்குழி மலையின் சத்தியவேடு உருள்கல் படிவிலிருந்து வந்தது. கிரெட்டேசியஸ் கடலை முடித்துவைத்த கற்களே 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரிகளாயின.

கடல்கோள் நினைவு

மூன்றாவது கடல் பற்றி நீண்ட விளக்கம் தேவைப்படாது. இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் மரபும், 2004 ஆழிப்பேரலையின் நினைவும் சேர்ந்து, உள்நாட்டில் சிப்பி கிடைத்தால் அதைச் சங்ககாலக் கடலோடு இணைக்கும் பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. பனியுக உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு உயர்ந்து, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டியது. சிறிது தாண்டியும் இருந்திருக்கலாம். இராமேசுவரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளத் திட்டுகள் அதற்குச் சான்று. எவ்வளவு தாண்டியது, அதில் நிலத்தின் அசைவுக்குப் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. விவாதம் சில மீட்டர்களுக்குள்தான்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 85.4 அடி, ஏறக்குறைய 26 மீட்டர். இருங்காட்டுக்கோட்டை அதற்கும் மேற்கே, நீர் ஏரியை நோக்கிச் சரியும் உயரமான பக்கத்தில் இருக்கிறது. சில மீட்டர் உயர்ந்த கடல் சென்னையின் கழிமுகங்களையும் தாழ்நிலங்களையும் நனைத்திருக்கும். அங்கே நிலத்தடியில் கிடைக்கும் சிப்பிக் களி அந்தக் காலத்ததாக இருக்கலாம். இந்த வட்டாரத்தை அது தொட்டிருக்க வழியில்லை. மூன்று கேள்விகளில் மிச்சமின்றி முடிந்துபோனது இது ஒன்றே.

தீராதவை

முதல் கடல் வந்தது உறுதி. இரண்டாவதற்குச் சான்று இல்லை. மூன்றாவது இங்கே எட்டவில்லை. இந்த அளவோடு கேள்வி முடிந்துவிடவில்லை. முதல் கடலின் மேற்குக் கரை எங்கே இருந்தது என்று வரைபடத்தில் கோடு போட இன்று யாராலும் முடியாது. அது வந்த வாயில் எது, சுண்ணாம்புக் கூடுகள் இல்லாமல் போனது நீரின் தன்மையாலா பின்னைய கரைதலாலா, கடலேற்றம் ஒன்றா பலவா, உச்சக்கடல் ஏன் தடம் விடவில்லை என்பன எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் படிவுக்குள் எரிமலைச் சாம்பல் அடுக்கு ஏதேனும் கிடைத்தால், ஒப்புமையை நம்பாமல் நேரடியாக வயது சொல்லலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே தேவை: மேற்கிலிருந்து கிழக்காகப் படுகையை ஊடறுக்கும், அரிப்பு எட்டாத ஆழம் வரை போகும் துளை மாதிரிகளின் வரிசை. ஆய்வுக்கென்று இப்படி ஒரு வரிசையைத் துளைப்பது பெருஞ்செலவு. ஃபூட் பார்த்த ஓடைக்கரைகளும் கிணறுகளும் கான்கிரீட்டுக்கும் மதில்களுக்கும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வகையில் சான்று குறைகிறது. மறுபக்கம், ஒவ்வோர் ஆலைக்கும் பாலத்துக்கும் அடித்தளம் போடுமுன் மண்பரிசோதனைத் துளைகள் இடப்படுகின்றன. அவற்றில் எடுக்கப்படும் மண், வலிமை அளக்கப்பட்டதும் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. களியின் நுண்கூடுகளையோ மகரந்தத்தையோ பார்க்க யாரும் கேட்பதில்லை.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ ரயிலை நீட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது நிறைவேறினால், தூண் நிற்கும் இடமெல்லாம் துளையிடப்படும். அந்தத் துளைகள் நிலவியலார் நெடுநாளாகக் கேட்கும் கிழக்கு–மேற்குக் கோட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றும். சில இடங்களில் அவை கடினத் தளத்தைத் தொடாமல் நின்றுவிடலாம், மாதிரிகள் குலைந்து வரலாம். முழு விடை அதிலிருந்து கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது மிகை. ஆனாலும் ஒவ்வொரு துளையிலிருந்தும் கைப்பிடி அளவு களியை ஆழம் குறித்து எடுத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிடமோ சென்னையின் ஒரு பல்கலைக்கழகத்திடமோ சேர்க்க ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதப்பட்டால், கடலின் மேற்குக் கரை பற்றிய முதல் நம்பகமான வரைபடத்துக்கு அந்த மாதிரிகள் போதுமான தொடக்கமாக இருக்கும்.